இரண்டாவது பெயர்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்தும் மலைமேலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சங்கீத விமர்சனம் பேசுவது புத்திசாலிகள் செய்கிற காரியம் அல்ல. ஆனாலும் சில வாரங்களுக்கு முன் நானும் என் தங்கை மகனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

பையன் வேலூரில் எஞ்ஜினீயரிங் படிக்கிறான். படிப்பைவிடக் கிட்டாரில்தான் அவனுக்குச் சிரத்தை அதிகம். இப்போது 'ஈகிள்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின்மேல் பைத்தியமாக இருக்கிறான். 1971ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சேர்ந்த குழு அது; 1980ல் பிரிந்து 1994ல் மறுபடியும் கூடியது. 1976ல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு இசைத்தட்டு ஒன்று, அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 2018ல் போட்ட கணக்குப்படி 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்குச் சமமாக விற்றிருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்'கூட அந்த நாட்டு விற்பனையில் அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் கேட்டான்:

"ஆனா மாமா, அந்த ஊர் விமர்சகருங்க பல பேர் இவங்களை மதிக்கவே இல்ல. ரொம்ப வழவழன்னு இருக்கு, உள்ளே ஒண்ணும் இல்லைன்னு எழுதினாங்க. 1998ல வந்த ஒரு சினிமாவுல, இந்தக் குழுவைப் பிடிக்கலைன்னு ஒருத்தன் டாக்சியில சொல்லுவான். டிரைவர் அவனை நடு ரோட்டுல இறக்கி விட்டுடுவான். அதுவே ஒரு ஜோக்கு. இத்தனை ஜனங்க கேட்கிறாங்க, அவங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்கல?"

நான் அந்தக் குழுவை அதிகம் கேட்டவன் அல்ல. ஆகவே அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கேள்வி எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி. டீக்கடையில் அப்போது 'பாலும் பழமும்' படத்துப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 1961ம் வருஷத்துப் படம். "இது யார் போட்ட மெட்டு?" என்று கேட்டேன். பையன் செல்போனைத் தட்டிப் பார்த்து, "எம்.எஸ். விஸ்வநாதன்" என்றான்.

"இன்னொரு பெயர் இருக்குமே?"

"போடலையே மாமா."

எனக்குச் சுருக்கென்றது. அது என் தாய்மாமனுடைய பழைய சண்டை. அவர் சார்பில் யாராவது அந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்ற இரட்டைப் பெயர் 1952ல் தமிழ்த் திரையில் தோன்றி 1965ல் மறைந்தது. ராமமூர்த்தி 1922ல் திருச்சியில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். பிடில் என்றால் அந்த வீடு என்று சொல்லும்படியான குடும்பம். விஸ்வநாதன் 1928ல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. ஜூபிடர் கம்பெனியில் எடுபிடிப் பையனாக இருந்து ஆர்மோனியத்துக்கு வந்து சேர்ந்தவர். இருவரும் சி.ஆர். சுப்பராமனின் வாத்தியக் குழுவில் வேலை பார்த்தார்கள். 1952ல் சுப்பராமன் இளவயதிலேயே காலமானபோது, 'தேவதாஸ்' முதலிய படங்களில் அவர் விட்டுப்போன வேலையை இந்த இருவருமாக முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷத்தில் என்.எஸ். கிருஷ்ணன் டைரக்ட் செய்த 'பணம்' படத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து விழுந்தன. வடக்கே சங்கர்-ஜெய்கிஷன் ஜோடி 1949லிருந்தே கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்த சமயம் அது.

ஆறு வயது இளையவரின் பெயர் முன்னால், மூத்தவரின் பெயர் பின்னால். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில்கூட இப்படிப் போட மாட்டார்கள். மூத்தவர் பின்னால் நின்று தாங்கிக்கொள்ளட்டும் என்று என்.எஸ்.கே. யோசனை சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை நிஜமானால், அந்த யோசனை அவர் நினைத்ததற்கு மேலேயே பலித்துவிட்டது.

இவர்களை அந்தக் காலத்துப் பெரியவர்கள் எப்படி மதித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் வானொலியைப் பார்த்தால் போதும். 1952ல் மத்திய சர்க்காரில் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிற்று. ஜனங்கள் வாதம் செய்யவில்லை. ரேடியோ முள்ளைத் திருகி இலங்கை வானொலியில் வைத்துக்கொண்டார்கள். அங்கே 1950லிருந்தே வர்த்தக ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் சர்க்காரும் 1957 அக்டோபரில் 'விவித பாரதி' என்று ஒன்றைத் தொடங்கி வழிக்கு வந்தது. ஐந்து வருஷம் ஒரு மந்திரி ஜனங்களின் காதோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போன சரித்திரம் இது.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஆர்மோனியத்தின் கதை. 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. 1971ல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. சொல்லப்பட்ட காரணம் அற்பமானது அல்ல. ஆர்மோனியத்தில் கட்டைக்குக் கட்டை ஸ்வரம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் இல்லை, கமகம் இல்லாமல் நம் சங்கீதம் இல்லை. இதில் எனக்கும் மறுப்புக் கிடையாது. ஆனால் விஸ்வநாதன் தமிழ்நாட்டுக்கே மெட்டுப் போட்ட அத்தனை காலமும் அவர் மடிக்கு முன்னால் இருந்தது அந்த விலக்கப்பட்ட பெட்டிதான். அவருக்குப் பக்கத்திலேயே ராமமூர்த்தியின் பிடில். அதுவும் சீமையிலிருந்து வந்த வாத்தியம்தான். ஆனால் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரியில் உட்கார இடம் பிடித்துக்கொண்டு ஜாதியில் சேர்ந்துவிட்டது. வழுக்க முடியாத வாத்தியம் ஒன்று, வழுக்குவதற்கென்றே பிறந்த வாத்தியம் ஒன்று.

அந்தப் பாட்டுக்களின் ரகசியமே இதில்தான் இருக்கிறது என்பது என் ஊகம். பாடுகிறவரின் மெட்டு பெரும்பாலும் படிப்படியாக, பேச்சு நடக்கிற மாதிரி நடக்கும். ஏற்றம் இறக்கம் எல்லாம் சாதாரணத் தொண்டைக்கு எட்டுகிற அளவில் நிற்கும். ஆர்மோனியக் கட்டையில் பிறந்த மெட்டு அது. களை பறிக்கிறவளும் கணக்கு எழுதுகிறவனும் பாட முடிந்தது அதனால்தான். அந்தப் படிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில், பாடகர் மூச்சு வாங்குகிற நேரத்தில், பிடில்கள் வந்து இழையும். மெட்டு விட்டுவிட்ட கமகத்தை வாத்தியம் எடுத்துக்கொள்ளும். படிக்காதவன் பாட ஒரு பாதி, பாட முடியாததை ஏங்கிக் கேட்க ஒரு பாதி. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்துப் பாட்டுக்களை ஒரு தடவை வார்த்தைகளை மறந்துவிட்டு, இடையிசையை மட்டும் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் நடக்கிற கதை அது. பாத்திரங்கள் பேச முடியாத விஷயங்கள் அதில் ஏராளம்.

மெட்டு இவர், வாத்தியம் அவர் என்று நான் பங்கு பிரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அப்படிப் பங்கு பிரித்துப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பாகஸ்தர்கள் பிரிந்த பிறகு இந்த ஜன்னல் யார் வைத்தது என்று தெருவில் நிற்பவர்கள் சொல்கிற மாதிரிதான் அது. இரண்டு பேர் ஒரே அறையில் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்து செய்த வேலையில் எந்த ஸ்வரம் யாருடையது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இசைத்தட்டின் நிர்ப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். அதற்குள் பல்லவி, இரண்டு மூன்று சரணம், நடுவே இடையிசை, ஒரு மனிதனின் துக்கம், எல்லாம் அடங்க வேண்டும். சிறுகதை எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். கச்சேரியில் ஒரு வித்வான் ராகத்தை அரைமணி நேரம் விஸ்தாரம் செய்யலாம். இவர்கள் தொடங்கும்போதே ரயிலுக்கு மணி அடித்தாகிவிட்டது. முதல் பத்து விநாடியில் காலமும் இடமும் மனநிலையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பின் கிட்டார், மங்களமூர்த்தியின் அக்கார்டியன், நஞ்சப்பாவின் புல்லாங்குழல், நோயல் கிராண்டின் டிரம்ஸ், இவர்கள் அந்தப் பத்து விநாடியில் செய்ததைக் கேட்டிருக்கிற தமிழர்கள் கோடிக்கணக்கானவர்கள். இந்தப் பெயர்களை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறவர்கள் எத்தனை பேர்?

சங்கீதம் அறிந்தவர்களின் குற்றச்சாட்டு, இது கலப்படம் என்பது. ராகம் ராகமாக இல்லை. நடுவே ஸ்பானிஷ் தாளம் வருகிறது. சர்ச்சில் கேட்கிற மாதிரி கோரஸ் வருகிறது. உண்மைதான். 1964 என்ற ஒரே வருஷத்தில் 'கர்ணன்' வந்தது, 'காதலிக்க நேரமில்லை' வந்தது, 'புதிய பறவை'யும் வந்தது. முதலாவதில் வடநாட்டு ராகங்களின் சாயல், ஷெனாய், சிதார். இரண்டாவதில் கடற்கரையில் துள்ளுகிற வாலிபம். மூன்றாவதில் மேல்நாட்டுப் பாணியில் பெரிய வாத்தியக் கூட்டம். மூன்றும் ஒரே கைக்காரர்கள் செய்தவை. இதைக் கலப்படம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாலில் தண்ணீர் கலப்பதும் கலப்படம்தான், பாலில் உறை மோர் கலப்பதும் கலப்படம்தான். எது நடந்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய விமர்சகர்கள் அந்தப் 'கேட்பதை'த்தான் செய்யவில்லை.

ஒரு பக்கக் கதை. சபாக்களில் தமிழில் பாட வேண்டுமா கூடாதா என்று நாற்பதுகளில் எவ்வளவு பெரிய கிளர்ச்சி நடந்தது! தமிழ் இசைச் சங்கம் 1943ல் வந்தது. கல்கி பத்தி பத்தியாக எழுதினார். நியாயமான கிளர்ச்சி. அது முடிந்து இருபது வருஷத்துக்குள் ஒரு நாடு முழுவதும் காலை முதல் இரவு வரை தமிழில் பாடிக்கொண்டிருந்தது. இது அந்தக் கணக்கில் ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழியெல்லாம் சபாக்காரர்கள்மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ரசிகர்களாகிய நாம் என்ன செய்தோம்? பாட்டைப் புகழ்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கவிஞரைப் புகழ்ந்தோம். கண்ணதாசன் பெரிய கவி. அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பட்டிமன்றத்தில் அவருடைய வரிகளை அடுக்கிவிட்டு, அவற்றுக்குக் கைதட்டல் வாங்கிவிட்டு, பாட்டைப் பற்றிப் பேசியாகிவிட்டது என்று மேடையை விட்டு இறங்குகிறோம். அந்த வரி நம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது எப்படி? கவிஞர்களின் எத்தனையோ அச்சுப் புத்தகங்கள் அலமாரியில் தூங்குகின்றன. மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கும்போது ஊரே மாப்பிள்ளையைப் பார்க்கிறது. மலையேறி வந்த மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள்? கவிஞரை விட்டால் நடிகர். 'சிவாஜி பாட்டு', 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்கிறோம். வாயசைத்தவர் பெயரில் பாட்டைப் பட்டாப் பண்ணிக்கொடுத்த ஜனங்கள் உலகத்தில் நாமாகத்தான் இருப்போம்.

இதற்கு மேல் ஒன்று: 'அந்தக் காலம் போல வருமா?' இது விமர்சனம் அல்ல, பெருமூச்சு. பெருமூச்சு விடுகிறவருக்கு நல்லதும் சுமாரானதும் ஒன்றுதான். இந்த ஜோடியும் சுமாராக எத்தனையோ செய்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் செய்ததில் பாதி, அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக் கூடியது. சோகக் காட்சி என்றால் பிடில்கள் கும்பலாக அழ ஆரம்பித்துவிடும். ஒரு பிடில் போதுமே என்று தோன்றும். சில பாட்டுக்களில் கவிஞர் பாவம் ஏதோ சொல்ல வருகிறார், வாத்தியங்கள் சந்தைக் கூட்டம் மாதிரி குறுக்கே விழுகின்றன. உச்சம் என்று நான் சொல்வது 1961லிருந்து 1965 வரை: பீம்சிங்கின் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்ற மூன்றும் ஒரே வருஷத்தில் வந்ததிலிருந்து, 'ஆயிரத்தில் ஒருவன்' வரை. நாலைந்து வருஷம்தான். இப்படிச் சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். எல்லாமே உச்சம் என்று சொல்வதும் எதையும் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான்.

1963ல் சென்னையில் இவர்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்து 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் ஜோடி பிரிந்தது. ஏன் பிரிந்தது என்பதைப் பற்றி ஊரில் உலவுகிற கதைகளை எழுத எனக்கு இஷ்டமில்லை. பட்டத்திலிருந்த 'கள்' விகுதி போய் ஒருமையாயிற்று. அந்த ஒருமை ஜனங்களின் வாயில் விஸ்வநாதன் ஒருவருக்கே நிலைத்தது. அவர் அதற்குப் பிறகும் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவரே. ராமமூர்த்தியும் தனியாகச் செய்தார். 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா?', 'மதராஸ் டு பாண்டிச்சேரி', 'நான்', 'தங்கச் சுரங்கம்' எல்லாம் அவருடையவை. மொத்தம் இருபதுக்குள் நின்றுபோயிற்று. அதில் கேட்கத் தகுந்த பாட்டுக்கள் பல உண்டு. ஆனால் அவற்றைக் கேட்டால் நம்மில் பாதிப் பேர் 'அடடா, எம்.எஸ்.வி.!' என்போம். ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன கொடுமை செய்ய முடியும்?

விருதுக் கணக்கு இன்னும் விசித்திரம். தேசிய விருதுகளில் சங்கீத டைரக்டருக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டதே 1967ம் வருஷத்துப் படங்களிலிருந்துதான். முதல் விருது 'கந்தன் கருணை'க்காக கே.வி. மகாதேவனுக்குப் போயிற்று. அதற்குள் இந்த ஜோடி பிரிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆகவே அவர்களுடைய சிறந்த வேலைக்கு விருது மறுக்கப்பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. கொடுக்க ஒரு விருதே இல்லை. பின்னால் தனியாகவும் விஸ்வநாதனுக்கு அது கிடைக்கவில்லை. பத்ம விருது இருவருக்குமே இல்லை. 2012ல் ஜெயலலிதா முதலமைச்சராயிருந்தபோது இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். 2015 ஜூலையில் விஸ்வநாதனும் போய்விட்டார்.

இவர்களைச் சரியாகக் கேட்டவர்கள் விமர்சகர்களும் அல்ல, ரசிகர்களும் அல்ல; தொழிலாளிகள். இளையராஜா 1986ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் விஸ்வநாதனோடு சேர்ந்து வேலை செய்தார். அவர் மறைந்தபோது அஞ்சலியாகக் கச்சேரி நடத்தினார். ஒரு தச்சன் இன்னொரு தச்சன் செய்த கதவைத் தடவிப் பார்க்கிற பார்வை அது. இரண்டாவது வகைத் தொழிலாளி, எங்கள் ஊர் மைக்செட்டுக்காரர்.

என் தாய்மாமன் 1964ல் மைக்செட் வாங்கினார். ஒடுகத்தூரைச் சுற்றி, உத்திரகாவேரி ஆற்றுக்கு இந்தண்டை அந்தண்டை, கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கூழ், எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். பீஞ்சமந்தைப் பக்கம் சரியான சாலை இல்லாத காலம். ஆம்ப்ளிஃபையர், பேட்டரி, தட்டுப் பெட்டி எல்லாவற்றையும் தலைச்சுமையாகத்தான் மலை ஏற்ற வேண்டும். எண்பதுகளில் நான் பள்ளிக்கூடத்து லீவு நாட்களில் தட்டுப் பெட்டி தூக்கியிருக்கிறேன். அப்போது புதுப் பாட்டெல்லாம் காசெட்டில் வந்துவிட்டது. பகல் முழுவதும் காசெட்தான் ஓடும். ஆனால் விடியற்காலையில் பந்தலில் பெண்கள் கோலம் போடுகிற நேரத்திலும், ராத்திரி சாப்பாட்டுப் பந்தி முடிந்து பாத்திரம் துலக்குகிற நேரத்திலும் மாமா பழைய தட்டுக்களை எடுப்பார். எந்தப் பாட்டு எந்த நேரத்துக்கு என்று அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தாலி கட்டி முடிந்த வீட்டில் 'பாசமலர்' பாட்டுக்களில் ஒன்றை மட்டும் போடவே மாட்டார். "பொண்ணோட அண்ணன் சமையல்கட்டுல நின்னு அழுவான்டா. கூட்டம் சாப்பிடாது" என்பார்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். ரேடியோவில் அறிவிப்பாளர் ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்லி, "இசை: எம்.எஸ். விஸ்வநாதன்" என்று முடித்தால், மாமா எந்த வேலையாக இருந்தாலும் தலையைத் தூக்கி, "ராமமூர்த்தி" என்பார். சத்தமாகக்கூட அல்ல, கணக்கில் விட்டுப்போன தொகையைச் சேர்க்கிற மாதிரி. நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதற்குக் காத்திருந்து, அவரோடு சேர்ந்து கோரஸாகச் சொல்லிச் சிரிப்போம்.

கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டு நான் எழுத வந்தேன். அரைகுறையாகப் படித்தவனுக்குத்தான் அபிப்பிராயம் அதிகம். 2003 வாக்கில் ஒரு சிறுபத்திரிகையில் சினிமாப் பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஜனரஞ்சகம் என்பது சர்க்கரைத் தண்ணீர், அறுபதுகளின் பாட்டு தமிழனின் சிந்தனையை மழுங்க அடித்தது, இப்படி மூன்று பக்கம். எழுதுவதற்கு முன்னால் ஒரு பாட்டைக்கூட உட்கார்ந்து கேட்டவன் அல்ல. கேட்டே தீர வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குப் படவில்லை. அந்த அமெரிக்க விமர்சகர்களைப் பற்றி நான் பேசக் கூடாது என்று முன்னால் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாமா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அந்த மூன்று பக்கத்தையும் அவர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாடா இது, ராமமூர்த்தி பேரையே காணோம்?"

நான் அவர்களைத் திட்டியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டுவதானால் இரண்டு பேரையும் திட்டியிருக்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 'ஆலயமணி' தட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னால பிடில் ஒண்ணு தனியா வருமே, அதைக் கேட்டியா?" கேட்கவில்லை என்றேன். "கேட்காமலா எழுதினே?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டுரையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. 2013 ஏப்ரலில் டெலிவிஷனில் ராமமூர்த்தி காலமான செய்தி வந்தபோது நான் ஊரில் இருந்தேன். செய்தி வாசித்தவர் 'விஸ்வநாதனுடன் இணைந்து' என்று தொடங்கினார். மாமா, "இப்பவாவது மொதல்ல சொல்லக் கூடாதா?" என்றார். தட்டு சுழற்றுகிற பெட்டியை அதற்குள் விற்றாகிவிட்டது. தட்டுக்கள் மட்டும் பரண்மேல் இருந்தன. அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

டீக்கடையில் பையனுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "உன் குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். ஆரம்பத்தில் நாலு பேர் என்றான். ஃபிரே, ஹென்லி என்ற இரண்டு பெயரை உடனே சொன்னான். மற்ற இரண்டு பேருக்குக் கொஞ்சம் யோசித்தான். லெடன், மைஸ்னர் என்று பிறகு சொன்னான். லெடன் 1975லேயே விலகிவிட்டார், மைஸ்னர் 1977ல் விலகினார் என்று சொல்லி, "அவங்க இல்லாம அந்தக் குரல் சேர்க்கையே வராது மாமா" என்றான். அது அவனாகச் சொன்ன விமர்சனம். எந்தப் பத்திரிகையிலும் படித்துச் சொன்னது அல்ல.

பிறகு அவனுடைய ஹெட்போனை வாங்கி, 'ஆலயமணி' படத்துப் பாட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். இருபது வருஷத்தில் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவன் காதில் மாட்டிவிட்டேன். சந்தையில் யாரோ ஒரு கிடாவை விலை பேசி முடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அது போக மாட்டேன் என்று கத்திற்று. பையன் காதைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"பிடில் யார் மாமா வாசிக்கிறது?"

"தெரியாது. அவரே வாசித்ததோ, அவர் எழுதிக் கொடுத்து வேறு யாராவது வாசித்ததோ."

"எவர்?"

மாமாவின் வாடகை நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நீளவாக்கு நோட்டு, காக்கி அட்டை. முதல் பத்துப் பக்கம் தட்டுக்களின் பட்டியல்: படத்தின் பெயர், பாடியவர், அதற்கு நேராக 'வி.ரா.' என்று இரண்டு எழுத்து. 1965க்குப் பிறகு சில வரிகளில் 'வி' மட்டும், வெகு சில வரிகளில் 'ரா' மட்டும். அதற்கப்புறம் வாடகைக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் மலைமேல் ஒரு கல்யாணம், இரண்டு நாள் வாடகை, பாக்கி நாற்பது ரூபாய் என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அது வசூலானதாகக் குறிப்பு இல்லை.